10 கிலோமீட்டர் போட்டி: முதல் கிலோமீட்டரிலேயே கோட்டை விடாதீர்கள்

ஆறு மாதமாக விடியற்காலையில் எழுந்து கிளப்போடு ஓடியிருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டம்) ஒன்றைக்கூட விட்டிருக்க மாட்டீர்கள். அவ்வளவு உழைப்பும் போட்டி நாளில் முதல் ஆறு நிமிடத்தில் கைநழுவிப் போய்விடும். சென்னையில் நான் ஓடிய முதல் 10 கிலோமீட்டர் போட்டியில் எனக்கு அதுதான் நடந்தது.

என் இலக்கு 60 நிமிடம், அதாவது கிலோமீட்டருக்கு 6 நிமிடம். கிளப்பில் என்னைவிட வேகமாக ஓடும் தம்பிகள் இரண்டு பேர் "அண்ணா, கூடவே வாங்க" என்றார்கள், நானும் போனேன். முதல் கிலோமீட்டர் 5:10. மூச்சுகூட வாங்கவில்லை. ஆறாவது கிலோமீட்டரில் கால் கனக்க ஆரம்பித்தது, எட்டாவதில் நடந்தேன், முடிக்கும்போது 64 நிமிடம். முதலில் மிச்சம் பிடித்த 50 விநாடிக்கு வட்டியோடு சேர்த்து ஐந்து நிமிடத்துக்கு நெருக்கமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

முதல் கிலோமீட்டர் சுலபமாகத் தெரிவதுதான் சிக்கலே. போட்டிக்கு முந்தைய சில நாள் ஓட்டத்தைக் குறைத்திருப்பதால் கால் புதிதாக இருக்கும், சுற்றிலும் கூட்டம், பாட்டு, பரபரப்பு, அதனால் எந்த வேகமும் மெதுவாகத்தான் தோன்றும். அதற்கான விலையை உடம்பு பிறகுதான் கேட்கும். இதில் நம் ஊர்க் கடற்கரைச் சாலைகளுக்கென்று ஒரு கூடுதல் கஷ்டமும் உண்டு: வேகம் கூடக்கூட உடம்புச் சூடு கூடும், அதை வெளியேற்ற வியர்வை ஆவியாக வேண்டும், ஆனால் ஜனவரி விடியலில்கூட காற்றில் ஈரம் அதிகம் என்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டுகிற வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. தொடக்கத்தில் ஏற்றிக்கொண்ட சூட்டைக் கடைசிவரை சுமந்துகொண்டுதான் ஓட வேண்டும்.

மறைந்த கென்ய ஓட்டக்காரர் கெல்வின் கிப்டும் 2023 அக்டோபர் 8 அன்று சிகாகோவில் 2:00:35 என்று மாரத்தான் உலக சாதனை படைத்தாரே, அன்றைக்கு அவர் முதல் பாதியை 60:48-லும் இரண்டாம் பாதியை 59:47-லும் ஓடினார். பின்பாதிதான் வேகம். நமக்கும் அதே கணக்குதான். 60 நிமிடம் இலக்கு என்றால் முதல் 2 கிலோமீட்டரைக் கிலோமீட்டருக்கு 6:10-லும் அடுத்த 5 கிலோமீட்டரை 6:00-லும் ஓடுங்கள். கடைசி 3-க்கு 5:53 போதும், இலக்கு கைக்கு வந்துவிடும். கிளப் நண்பர்கள் முன்னால் போனால் போகட்டும், ஏழாவது கிலோமீட்டருக்கு மேல் அவர்களில் சிலரை நீங்களே பிடிப்பீர்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, தொடக்கக் கோட்டில் முண்டியடித்து முன்வரிசையில் நிற்பது. நேரம் பதியும் சிப் வைத்த போட்டியில் நீங்கள் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரம் ஓட ஆரம்பிக்கும், பின்னால் நின்றால் உங்களுக்கு நேர நஷ்டம் எதுவும் இல்லை. (சிப் பெரும்பாலும் பிப்பின், அதாவது நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின், பின்பக்கம்தான் ஒட்டியிருக்கும், அதை மடிக்காதீர்கள்.)

கையில் கட்டிய ஜிபிஎஸ் கடிகாரம் காட்டும் தூரத்தை அப்படியே நம்புவதும் தவறுதான். முறையாக அளந்த பாதை என்றால் மிகக் குறுகிய கோட்டில், வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளந்திருப்பார்கள், தூரம் குறைந்துவிடக் கூடாது என்று 0.1 சதவீதம், அதாவது 10 கிலோமீட்டருக்கு 10 மீட்டர், கூடுதலாகவும் சேர்ப்பார்கள். நாம் வளைவில் வெளிப்பக்கமாகப் போவோம், ஆட்களைச் சுற்றிக்கொண்டு ஓடுவோம், கடைசியில் கடிகாரம் 10.1 காட்டும். அது காட்டுகிற 6:00 வேகத்தை நம்பி ஓடினால் 60:36-ல்தான் முடிப்பீர்கள். சாலையோரக் கிலோமீட்டர் பலகையைப் பார்த்து நேரத்தைச் சரிபாருங்கள், வளைவுகளில் உட்பக்கமாக ஓடுங்கள்.

புது ஷூ, முந்தின நாள் கொடுத்த புது டிஷர்ட், புது எனர்ஜி ஜெல் எதுவும் அன்றைக்கு வேண்டாம். உரசும் இடங்களில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள். சாப்பாடும் லாங் ரன்னுக்கு முன் பழகியதே போதும், இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ.

தண்ணீரை 10 கிலோமீட்டருக்குத் தாகம் பார்த்துக் குடித்தால் போதும். ஹாஃப் மாரத்தான், ஃபுல் மாரத்தான் என்று மணிக்கணக்கில் ஓடுகிறவர்கள் வழியில் வரும் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் வெறும் தண்ணீராகக் குடித்துத் தள்ளினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அடுத்த மூன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒன்று, "முன்னெச்சரிக்கையாக" வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுவது. இபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கும், நீர் வற்றிய உடம்பில் அது பெரிய ஆபத்து. இரண்டு, பணம் கட்டியாச்சே என்று காய்ச்சலோடு ஓடுவது. வைரஸ் காய்ச்சல் இதயத் தசையையும் தாக்கியிருக்கலாம், கட்டிய பணம் போனால் போகட்டும். மூன்று, வர முடியாத நண்பரின் பிப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது. நீங்கள் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழு பார்க்கப்போவது அவருடைய ரத்த வகையை, அவசரத்துக்குக் கூப்பிடப்போவது அவர் வீட்டை.

பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினாலோ சம்பந்தமில்லாமல் பேசினாலோ தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள், வெப்பத் தாக்காக இருக்கலாம். மருத்துவக் குழுவைக் கூப்பிடுங்கள், அவர்கள் வரும்வரை நிழலில் படுக்கவைத்து, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரையெல்லாம் உடம்பெங்கும் ஊற்றிக்கொண்டே இருங்கள். வண்டி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே குளிர்விக்க வேண்டும்.

முடிவுக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிற்காதீர்கள். ரத்தம் காலிலேயே தங்கித் தலை சுற்றும், பல பேர் அங்கேதான் விழுகிறார்கள். பதக்கத்தை வாங்கிக்கொண்டு ஐந்து பத்து நிமிடம் நடங்கள், அப்புறம் உட்காரலாம்.