கத்தி செட் வாங்கப் போகிறீர்களா? முதலில் அந்தப் பேப்பரைக் கீழே வையுங்கள்

போன வாரம் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவர், டிபன் கடை போடப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, ஆன்லைனில் வாங்கிய கத்தி செட்டோடு நேராக என் சமையல்கட்டுக்கே வந்துவிட்டார். பெட்டியைப் பிரித்தார், இருப்பதிலேயே பெரிய கத்தியை எடுத்தார், சுவரில் இருந்த காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்துத் தொங்கவிட்டு மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. "அக்கா, பார்த்தீங்களா, வெண்ணெய் மாதிரி போகுது. செட்டே 900 ரூபாய்தான்." எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று இதே மாதிரி தாள் வெட்டிப் பார்த்துத்தான் நானும் காசைக் கொடுத்தேன்.

திருச்சியில் கேரியர் சாப்பாடு கொடுத்து வருகிறேன். தினமும் எழுபது பேருக்குச் சமையல், வெங்காயம் மட்டுமே ஏழெட்டு கிலோ நறுக்க வேண்டும். கத்தியை ஈரத்தோடு போட்டு வைக்காதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் நான் போகவில்லை. வாங்கும்போது செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

புதுக் கத்தியின் கூரைப் பார்த்து மயங்குவது

இதுதான் பெரிய தவறு. இன்றைக்கும் யாராவது கடையில் தாளை வெட்டிக் காட்டினால் எனக்குக் கோபம் வருகிறது.

எந்தத் தகட்டையும் ஒரு நாளைக்குக் கூராக்கிவிட முடியும். பள்ளிக்கூடப் பையன் வைத்திருக்கும் ஸ்டீல் ஸ்கேலை மெஷினில் இரண்டு நிமிடம் தீட்டினால் அதுவும் தாளை வெட்டும். அந்தக் கூர் தீட்டியவருடைய கைவேலை. அது எத்தனை நாள் நிற்கும், மழுங்கினால் திரும்பி வருமா என்பதுதான் இரும்பின் குணம், அதைக் காலண்டர் தாள் சொல்லவே சொல்லாது.

துருப்பிடிக்காமல் இருக்க ஸ்டீலில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் வேண்டும். ஆனால் கூர் நிற்க வேண்டுமென்றால் கார்பன் வேண்டும், அந்தக் கார்பனுக்கு வேலை கொடுக்கப் பதம் பண்ண வேண்டும். கொல்லர் பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கி எடுப்பார்களே, அதே வேலைதான்: ஸ்டெயின்லெஸ் கத்தி என்றால் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சட்டென்று குளிரவைத்து, மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுக்க வேண்டும். இதில் கிடைக்கிற கடினத்தை ராக்வெல் சி என்ற அளவில் சொல்வார்கள். 52-க்குப் பக்கத்தில் நிற்கிற கத்தி சீக்கிரம் மழுங்கும். 55 முதல் 57 வரை இருந்தால் வீட்டுக்கும் சின்ன மெஸ்ஸுக்கும் தாராளம். 60-க்கு மேல் போனால் கூர் நன்றாக நிற்கும், ஆனால் எலும்பிலோ தேங்காய் ஓட்டிலோ பட்டால் வாய் ஓரம் சில்லாகத் தெறித்துவிடும். மலிவான செட்டில் பெரும்பாலும் இந்தப் பதம் பண்ணும் வேலையில்தான் கைவைக்கிறார்கள், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாது.

என்னுடைய முதல் செட்டில் 14 உருப்படி. முதல் நாள் வெங்காயம் அப்படி விழுந்தது. மூன்றாம் நாள் தக்காளித் தோலில் கத்தியை வைத்தால் தோல் குழிந்து உள்ளே போகிறதே ஒழிய வெட்டுப்படவில்லை, அழுத்தினால் சாறு பிதுங்கி விதையெல்லாம் பலகையில். நான்தான் சரியாகப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு தெருவில் சைக்கிளில் வந்த சாணைக்காரரிடம் கொடுத்தேன். பொறி பறக்கத் தீட்டினார், கத்தி ஓரம் லேசாக நீலம் பாய்ந்திருந்தது. சக்கரத்தின் சூட்டில் இருந்த கொஞ்சநஞ்சப் பதமும் போய்விட்டது என்பதற்கு அந்த நீலம்தான் அடையாளம் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டு நாளில் பழைய கதை. சரி, செட்தான் மோசம் என்று வேறொரு கடைக்குப் போனேன், அங்கேயும் தாளை வெட்டிப் பார்த்துவிட்டே இரண்டாவது செட்டை வாங்கினேன்.

அப்புறம் ஒரு வளைகாப்பு ஆர்டர். பரங்கிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். மழுங்கின கத்தி தோலில் இறங்காமல் வழுக்கி, உதவிக்கு வந்திருந்த அக்காவின் இடது ஆள்காட்டி விரலில் ஏறிவிட்டது. மூன்று தையல். கூரான கத்தி கையை வெட்டும் என்று எல்லோருக்கும் பயம், ஆனால் மழுங்கின கத்திக்குக் கொடுக்கிற அழுத்தம்தான் அன்றைக்கு விரலை வெட்டியது. மிச்சக் காயையெல்லாம் அம்மாவின் பழைய அரிவாள்மனையில் உட்கார்ந்து நானே நறுக்கி முடித்தேன். இரண்டு செட், சாணைக் கூலி, ஆஸ்பத்திரிச் செலவு, அந்த அக்காவுக்குப் பத்து நாள் சம்பளம் எல்லாம் சேர்த்தால் ஐந்தாயிரத்துக்கு மேல். அந்தப் பணத்தில் பத்து வருடம் உழைக்கிற இரண்டு கத்தி வாங்கியிருக்கலாம்.

அதனால் இப்போது நான் செய்வது இதுதான். செட்டை எடுக்கும் முன், அதே பிராண்டில் அதே வரிசையில் ஒரே ஒரு கத்தியைத் தனியாக வாங்குவேன். நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றை அழுத்தாமல், கத்தியின் கனத்திலேயே இழுத்து வெட்டிப் பார்ப்பேன். பிறகு மரப்பலகையில் வைத்து இரண்டு கிலோ வெங்காயம். முடித்த கையோடு மறுபடி தக்காளி. இப்போதும் தோலில் கத்தி உடனே இறங்கினால் சந்தோஷம். தோல் குழிந்தால் இன்னொரு சோதனை இருக்கிறது: பீங்கான் காபிக் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் பளபளப்பு இல்லாத சொரசொரப்பான வட்டம் தெரியும், அதில் கத்தியின் முதுகை லேசாகத் தூக்கிப் பிடித்து, பக்கத்துக்கு ஆறு தடவை மெதுவாக இழுக்க வேண்டும். கூர் திரும்பி வந்து அடுத்த இரண்டு கிலோவைத் தாங்கினால் இரும்பு நல்லது, கம்பெனியில் தீட்டினதுதான் சரியில்லை. திரும்பி வந்த கூர் அரைக் கிலோவிலேயே போய்விட்டால் அந்த வரிசையில் ஒன்றும் வாங்காதீர்கள்.

இதைத் தம்பி முன்னாலேயே செய்து காட்டினேன். ஒன்றரைக் கிலோ வெங்காயத்திலேயே அவருக்கு முகம் மாறிவிட்டது.

உருப்படியை எண்ணி வாங்குவது

12 என்று போட்டிருக்கும். கத்தரிக்கோல், பீலர், மரக்கட்டை ஸ்டாண்டு, நம் வீட்டில் யாருமே தொடாத ஆறு ஸ்டேக் கத்தி, எல்லாமே அதில் கணக்கு. நமக்கு வேண்டியது எட்டு அங்குலத்தில் ஒரு பெரிய கத்தி, மூன்றரை அங்குலத்தில் ஒரு சின்னக் கத்தி, பிரெட்டுக்குப் பல் வைத்தது ஒன்று. அசைவம் சமைத்தால் எலும்புக்கு வெட்டுக்கத்தி தனி.

காந்தம் ஒட்டினால் போதும் என்பது

காந்தம் கொண்டுபோவது நல்ல பழக்கம்தான். எவர்சில்வர் பாத்திரத்துக்குப் போடும் 304 ஸ்டீலில் காந்தம் சரியாக ஒட்டாது, அந்த ஸ்டீலை எவ்வளவு காய்ச்சினாலும் பதம் ஏறாது. அதில் செய்த கத்தி கரண்டிக்குச் சமம். ஆனால் ஒட்டுகிறது என்பதற்காக நல்ல கத்தி என்று முடிவு கட்டாதீர்கள். 430 என்ற மலிவான ஸ்டீலிலும் காந்தம் பச்சக்கென்று ஒட்டும், அதுவும் பதம் ஏறாத ரகம்தான்.

பெட்டியில் உள்ள பெரிய எழுத்தைப் படிப்பது

சின்ன எழுத்தைப் படியுங்கள். 'ஹை கார்பன்', 'ஜெர்மன் ஸ்டீல்' என்று மட்டும் போட்டு எண் எதுவும் போடவில்லை என்றால் நான் வாங்க மாட்டேன். ஜெர்மன் எண் 1.4116 என்றால் கார்பன் சுமார் 0.5 சதவீதம், குரோமியம் 15-க்குப் பக்கம். விலைக்கு நல்ல ஸ்டீல். சீன எண்ணைப் படிப்பது இன்னும் சுலபம்: 3சிஆர்13 (பெட்டியில் 3Cr13 என்று இருக்கும், Cr என்பது குரோமியம்) என்றால் கார்பன் சுமார் 0.3, குரோமியம் 13. 5சிஆர்15 என்றால் 0.5-ம் 15-ம். முன்னால் நிற்கும் அந்த 3-க்கும் 5-க்கும் நடுவில்தான் நம் காசு இருக்கிறது. டமாஸ்கஸ் என்று அலை அலையாகக் கோடு போட்ட மலிவுக் கத்திகளில் அந்தக் கோடு வெறும் மேல்பூச்சு வேலை, நாரில் தேய்க்கத் தேய்க்க மங்கிவிடும்.

கைப்பிடியை வெறுமனே பிடித்துப் பார்ப்பது

பிடித்தால் எல்லாக் கைப்பிடியும் நன்றாகத்தான் இருக்கும். அதன் முதுகைப் பாருங்கள். கத்தித் தகடு வால் மாதிரி கைப்பிடிக்குள் கடைசி வரை ஓடினால் மேலும் கீழும் ஸ்டீல் கோடு தெரியும். பாதியில் நின்றுபோனால் தெரியாது. பிளாஸ்டிக்கை அச்சில் வார்த்து மூடிய கைப்பிடியிலும் நல்லவை உண்டு, ஆனால் அதில் உள்ளே எவ்வளவு தூரம் போகிறது என்று நமக்குத் தெரியாது. அப்புறம் ரிவிட்டின் மேல் நகத்தை ஓட்டுங்கள். நகம் தடுக்கினால் அங்கே இடுக்கு இருக்கிறது, மீன் கழுவின தண்ணீர் அதில் போய்த் தங்கி நாலு மாதத்தில் நாற்றம் வரும். எனக்கு வந்தது. கடைசியாக, கத்தியைக் கண்ணுக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி நீட்டிப் பிடித்து வாய்ப்பக்கத்தைப் பாருங்கள், வளைவு இருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள், அதை வீட்டில் நிமிர்த்த முடியாது.

'சாணையே பிடிக்க வேண்டாம்' கத்தி

வாயில் பொடிப் பல் இருக்கும். தாளை எல்லாக் கத்தியையும்விட அழகாகக் கிழிப்பது இதுதான். பல் தேய்ந்தால் கல்லில் தீட்ட வழியில்லை, குப்பைதான்.

கலர் பூசிய கத்தி

பூச்சு உரிந்து சட்னியில் விழும். வேண்டாம்.

கிரானைட் மேடையில் வெட்டிப் பார்ப்பது

எவ்வளவு நல்ல கத்தியும் கல்லில் பட்டால் போச்சு. சோதனைக்கும் மரப்பலகை, சமையலுக்கும் மரப்பலகை.

மரக்கட்டை ஸ்டாண்டு

ஈரம் உள்ளே தங்கும், கழுவ முடியாது. சுவரில் காந்தப் பட்டை ஒன்றை அடித்துக்கொள்ளுங்கள்.