நிறத்தைப் பார்த்ததும் டி-டி என்று எழுதிவிடாதீர்கள்

அணைவுச் சேர்மத்துக்கு (நடுவில் ஓர் உலோக அயனி, அதைச் சுற்றி மூலக்கூறுகளோ அயனிகளோ பிணைந்தது) நிறம் இருந்தால் போதும், "காரணம் டி-டி பரிமாற்றம்" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள் நிறைய. உலோகத்தின் ஒரு டி ஆர்பிட்டாலிலிருந்து இன்னொரு டி ஆர்பிட்டாலுக்கு எலக்ட்ரான் தாவுவதுதான் டி-டி. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் அந்தப் பதில் தப்பு. அங்கே மாங்கனீசு +7 நிலையில் இருக்கிறது, டி ஆர்பிட்டாலில் ஒரு எலக்ட்ரான்கூட இல்லை, பிறகு எது தாவும்? ஆக்சிஜனிடமிருந்து உலோகத்துக்கு எலக்ட்ரான் போகிற மின்சுமை மாற்றம்தான் அந்த அடர் ஊதாவைத் தருகிறது.

அதனால் முதலில் டி எலக்ட்ரான்களை எண்ணுங்கள். பூஜ்யமோ (ஸ்காண்டியம் +3) பத்தோ (துத்தநாகம் +2) வந்தால் டி-டி பேச்சே வேண்டாம்.

அப்புறம் மோலார் உறிஞ்சுதிறனை, அதாவது பொருள் ஒளியை எவ்வளவு வலுவாக உறிஞ்சுகிறது என்ற அளவைப் பாருங்கள், எனக்கு இதுதான் மிக முக்கியமான படி. எண்முகி அணைவுக்கு (உலோகத்தைச் சுற்றி ஆறு பிணைப்புகள்) சமச்சீர் மையம் உண்டு, ஆகவே லபோர்ட் விதி, அதாவது அப்படி மையம் உள்ள அமைப்பில் ஒரே வகை ஆர்பிட்டால்களுக்குள் தாவக்கூடாது என்கிற விதி, டி-டி தாவலைத் தடுக்கிறது. பிணைப்புகள் அதிரும்போது அந்தச் சமச்சீர் கொஞ்சம் குலைவதால்தான் தாவல் ஓரளவாவது நடக்கிறது, மதிப்பும் பெரும்பாலும் ஒன்றிலிருந்து சில பத்துகளுக்குள் நிற்கிறது. நான்முகியில் (நான்கு பிணைப்புகள்) அந்த மையம் கிடையாது, மதிப்பு நூற்றுக்கணக்கில் ஏறும். ஆயிரங்களில் வந்தால் மின்சுமை மாற்றத்தைச் சந்தேகியுங்கள். ஆய்வகத்தில் கோபால்ட் குளோரைடு கரைசலில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுப் பார்த்திருப்பீர்கள்: வெளிர் இளஞ்சிவப்பு சட்டென்று அடர் நீலமாகும். கோபால்ட் அதே +2, அதே ஏழு டி எலக்ட்ரான்கள், ஆனால் எண்முகி நான்முகியாகிவிட்டது. நிறம் மாறியது மட்டுமல்ல, அடர்த்தியும் ஏறியதே, அதைக் கவனியுங்கள். நீரேறிய மாங்கனீசு +2 இதற்கு நேரெதிர்: ஐந்து எலக்ட்ரான்களும் ஒரே தற்சுழற்சியில் இருப்பதால் தாவும்போது தற்சுழற்சி மாறக்கூடாது என்கிற தற்சுழற்சி விதியும் சேர்ந்து தடுக்கிறது, நிறம் இருக்கிறதா என்றே தேட வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். நீரேறிய டைட்டானியம் +3 சுமார் 493 நானோமீட்டரில், அதாவது நீலப்பச்சையில் உறிஞ்சுகிறது, மிச்சம் ஊதாவாகத் தெரிகிறது. ஒரு கோடியை (ஒரு சென்டிமீட்டரில் அத்தனை நானோமீட்டர்) 493-ஆல் வகுத்தால் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 20,300 அலைகள், மோலுக்குச் சுமார் 243 கிலோஜூல். ஒரே எலக்ட்ரான் என்பதால் இதுவே நேரடியாகப் படிகப்புலப் பிளப்பு ஆற்றல், அதாவது டி ஆர்பிட்டால்கள் பிரிந்து நிற்கிற இரண்டு மட்டங்களுக்கு நடுவிலான இடைவெளி. நிக்கல் +2 எண்முகியில் மூன்று உறிஞ்சல் பட்டைகள் வரும், அங்கே பிளப்பு ஆற்றலுக்கு ஆற்றல் குறைந்த முதல் பட்டையை எடுத்துக்கொள்ளுங்கள்.

டைட்டானியம் பட்டையின் நீண்ட அலைநீளப் பக்கம் தோள்போல ஒரு புடைப்பு தெரியும். கருவிக் கோளாறு என்று அதை ஒதுக்கிவிடாதீர்கள், கிளர்ந்த நிலை இரண்டாகப் பிரிகிற ஜான்-டெல்லர் விளைவு அது.