வடசென்னையில் வீசிங்: மிச்சம் பிடிக்கப் போய் செய்யும் தவறுகள்

கொருக்குப்பேட்டையில் ஆஸ்துமா என்று யாரும் சொல்வதில்லை. வீசிங், இல்லாவிட்டால் இழுப்பு. என் அம்மாவுக்கு இருபது வருஷமாக இழுப்பு. அவர் செய்த தவறுகளை அலட்சியம் என்று டாக்டர்கள் திட்டினார்கள். கூட இருந்த எனக்கு அது மாசக் கடைசியில் போட்ட கணக்காகத்தான் தெரிந்தது. என்ன, கணக்கு தப்பு.

பெரிய தவறு, மூச்சு சீரானதும் தினசரி பம்பை, அதாவது இன்ஹேலரை, நிறுத்துவது. சால்பூட்டமால் பம்ப் சில நிமிஷத்தில் மூச்சுக்குழாயை விரித்துவிடும். உள்ளே இருக்கும் வீக்கத்தைத் தொடாது. வீக்கத்தைக் குறைப்பது புடசனைடு போன்ற ஸ்டீராய்டு பம்ப்; தினசரி பம்ப் என்பது இதுதான். அதன் வேலை உடனே தெரியாது, அதனால் காசு போட மனசு வராது. ஸ்டீராய்டு என்ற பெயர் வேறு பயமுறுத்தும். மாத்திரையில் மில்லிகிராம் கணக்கில் போவது பம்பில் மைக்ரோகிராம்தான். இழுத்ததும் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும். 200 முறை அடிக்கும் பம்ப், காலை இரண்டு ராத்திரி இரண்டு என்றால் 50 நாள் வரும். அதை நிறுத்திவிட்டு, நடுராத்திரி ஆட்டோ பிடித்து, கிளினிக்கில் நெபுலைசர் வைத்து, மறுநாள் கூலியையும் விட்டால்? அம்மா ஒரே மாதத்தில் மூன்று தடவை விட்டிருக்கிறார்.

இன்னொன்று, தீர்ந்த பம்பை அடிப்பது. அம்மா அதைக் காதோரம் வைத்துக் குலுக்குவார். சத்தம் கேட்டால், "இன்னும் இருக்குடா." 200 தாண்டிய பிறகும் வாயு பீச்சும், மருந்து சரியான அளவில் வராது. தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பதும் வீண். எண் காட்டாத பம்ப் என்றால் ஆரம்பித்த தேதியை மேலே பேனாவால் எழுதிவையுங்கள்.

பம்புக்கும் வாய்க்கும் நடுவில் வைக்கும் குடுவைதான் ஸ்பேசர். அதை வாங்கக் காசில்லை என்று நேரே வாயில் அடித்தால் பாதி மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் பம்பின் வாய் இறுக்கமாகப் பொருந்தும்படி ஓட்டை போட்டால் அதுவே ஸ்பேசர். தென்னாப்பிரிக்காவில் குழந்தைகளிடம் சோதித்தே பார்த்திருக்கிறார்கள், கடை ஸ்பேசருக்குச் சளைக்கவில்லை.

"காத்தே இப்படி இருக்கு, மருந்து என்ன பண்ணும்?" என்பது எங்கள் தெருவில் அடிக்கடி கேட்கும் பேச்சு. மணலி சுத்திகரிப்பு ஆலை, அத்திப்பட்டு அனல்மின் நிலையம், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், கொடுங்கையூர் குப்பை. கோபம் நியாயம்தான். ஆனால் வீடு மாற்ற முடியாதவருக்குத்தான் பம்ப் இன்னும் அவசியம். பத்துக்குப் பத்து அறையில் கொசுவர்த்தியை நிறுத்தி வலை கட்டுவது நம் கையில் இருக்கிறது. மழைக்குப் பின் பூஞ்சை பூத்த சுவரைப் பற்றி ஹவுஸ் ஓனரிடம் சொன்னால் காலி பண்ணச் சொல்வாரோ என்ற பயம், அது வேறு கதை.

முதல்வர் காப்பீட்டு அட்டையை நம்பி இருப்பதும் தவறு; அது பெரும்பாலும் அட்மிஷனுக்கு, மாதாமாதம் வாங்கும் பம்புக்கு இல்லை. ஸ்டான்லி போன்ற அரசு ஆஸ்பத்திரியில் சீட்டு போட்டுப் பாருங்கள், மருந்துக்குக் காசில்லை. வெளியே வாங்கினால் மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் பிராண்டை விட்டு மருந்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

அப்புறம், ஆட்டோ காசை நினைத்து "விடியட்டும்" என்று உட்கார்ந்திருப்பது. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாவிட்டாலோ உதடு நீலம் பாய்ந்தாலோ 108ஐக் கூப்பிடுங்கள். அதற்குக் காசு கிடையாது. வண்டி வரும்வரை சால்பூட்டமாலை பாட்டில் வழியாகக் கொடுத்துக்கொண்டிருங்கள், படுக்க வைக்காமல்.