நெடுநாள் நின்ற அம்பாசிடரா? எடுத்ததும் செல்ஃப் அடிக்காதீர்கள்

வருடக்கணக்கில் ஷெட்டில் நின்ற பெட்ரோல் அம்பாசிடரில், சிலிண்டர் சுவர் துருவேறி பிஸ்டன் ரிங் ஒட்டியிருக்கலாம். வேகமாகச் சுற்றினால் ரிங் உடையலாம். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள். மறுநாள் நியூட்ரலில் வைத்து, முன்பக்க ஹேண்டிலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். இறுகினால் மல்லுக்கட்ட வேண்டாம், இன்னும் ஒரு நாள் ஊறட்டும்.

சுற்றுகிறதா? சரி, இன்ஜின் ஆயிலை மாற்றுங்கள். பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள். வார்னிஷ் வாடை அடித்தால் கார்புரேட்டர் கிண்ணத்தையும் கழுவ வேண்டும். அப்புறம் பிளக்குகளுக்கு கரண்ட் கொடுக்கும் இக்னிஷன் காயில் வயரைக் கழற்றி வைத்து, பிளக் போடாமலேயே ஆயில் பிரஷர் ஏறும் வரை இடைவெளி விட்டு விட்டு செல்ஃப் அடியுங்கள். அதன்பின் பிளக்கையும் வயரையும் மாட்டி ஸ்டார்ட் செய்யலாம்.

ஓடிவிட்டது என்று உடனே தெருவில் இறக்காதீர்கள். பிரேக் சிலிண்டர் ரப்பர்கள் காய்ந்துபோயிருக்கும், முதலில் அவற்றை மாற்றுங்கள்.