பிஎஸ்6 லாரிக்கு சாஃப்ட்வேர் அப்டேட் போடும்போது நாம் செய்யும் தவறுகள்

சங்ககிரியில் சிமென்ட் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு வந்த என் வண்டி, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இழுக்காமல் போய்விட்டது. இன்ஜின் ஓடுகிறது, டிரைவர் ஆக்சிலேட்டரை அடிவரை மிதிக்கிறார், வண்டி நடக்கிற வேகத்தில் ஊர்கிறது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. "பின்னாடி லைன் கட்டி நிக்கிறாங்கண்ணா, ஓரம் கட்டக்கூட இடம் இல்லை" என்று அவர் போனில் சொன்னபோது பின்னால் ஹாரன் சத்தம் எனக்கே கேட்டது. தொப்பூரைத் தெரிந்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட விபத்துப் பகுதி என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் அதே வண்டிக்கு அப்டேட் போட்டு, இனி விளக்கு வராது என்று சர்வீஸ் சென்டரில் அனுப்பியிருந்தார்கள். அது இரண்டாவது அப்டேட்.

மூன்றாவது தடவை நானே கூடப் போனேன். அங்கே இருந்த வயதான மெக்கானிக் ஒருவர் லேப்டாப் பக்கமே போகவில்லை. வண்டிக்கு அடியில் படுத்து, புகையைச் சுத்தம் செய்ய சைலன்சரில் யூரியா தெளிக்கும் நாசிலைக் கழற்றி என் கையில் வைத்தார். நுனியைச் சுற்றிக் கல்லுப்பு கட்டின மாதிரி வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. மூன்று துளையில் ஒன்றுதான் கண்ணுக்குத் தெரிந்தது. வெந்நீரில் போட்டார், கொஞ்ச நேரத்தில் எல்லாம் கரைந்தது. அப்புறம் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "வண்டியை நிறுத்தினதும் டிரைவர் கட்-ஆஃப் சுவிட்சை எப்போ போடுறார்?"

பேட்டரி கரன்ட்டை மொத்தமாக நிறுத்தும் சுவிட்ச் அது. சாவியை அணைத்த கையோடு போடுவார். பழைய வண்டிகளில் பேட்டரி இறங்காமல் இருக்க நாங்கள் எல்லோருமே பழகிய பழக்கம் அது. பிஎஸ்6 வண்டியில், அதாவது புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டியில், அப்படிச் செய்யக்கூடாது. சாவியை அணைத்த பிறகும் ஒன்றிரண்டு நிமிடம் ஒரு பம்ப் மெதுவாக ஓடும். குழாயிலும் நாசிலிலும் மிச்சம் இருக்கும் யூரியாக் கரைசலைத் தொட்டிக்குத் திரும்ப இழுக்கும் வேலை அது. நடுவில் கரன்ட்டை நிறுத்தினால் கரைசல் அங்கேயே தங்கும், சூட்டில் தண்ணீர் ஆவியாகும், யூரியா கட்டியாகும். இதை எந்த அப்டேட்டும் கரைக்காது.

விளக்கு எரிந்தாலே "லேப்டாப் போட்டு அப்டேட் அடிச்சு விடுங்க" என்று கேட்பதுதான் நம் பக்கத்தில் நடக்கும் முதல் தவறு. டீலரும் அதைச் செய்து கொடுத்துவிடுகிறார். பலரை ஏமாற்றுவது அதற்குப் பிறகு நடப்பது. அப்டேட் போடும்போது பழைய கோளாறுப் பதிவுகள் அழிக்கப்படுகின்றன, அதனால் விளக்கு அணைகிறது. கோளாறு உள்ளேயே இருந்தால், வண்டியின் கணினி தன் சோதனைகளை மறுபடி ஓட்டி முடிக்க இரண்டு நாளோ பத்து நாளோ ஆகும். அதுவரை வண்டி நன்றாக ஓடுவது போலத் தெரியும். அந்த இடைவெளியைக் குணமானதாக நினைத்துக்கொண்டு லோடு ஏற்றிவிடுகிறோம்.

சரி, அப்டேட்டே வீணா என்றால் இல்லை. கணக்கு தப்பாக எழுதப்பட்டிருந்தால் அதைத் திருத்த அப்டேட்தான் ஒரே வழி. யூரியா எவ்வளவு தெளிப்பது, சென்சார் காட்டும் எண் எந்த எல்லையைத் தாண்டினால் விளக்கைப் போடுவது, புகைக்கரி வடிகட்டியை எப்போது எரித்துச் சுத்தம் செய்வது, இதெல்லாம் கணினிக்குள் இருக்கும் அட்டவணைகள். அவற்றில் பிழை இருந்து, கம்பெனி பிற்பாடு திருத்தி அனுப்பும்போது அதைப் போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவில் 2013 முதல் 2019 வரையிலான ரேம் பிக்கப் வண்டிகளின் டீசல் இன்ஜினில் மாசுக் கட்டுப்பாட்டை ஏமாற்றும் மென்பொருள் இருந்தது என்ற குற்றச்சாட்டில், 2023 டிசம்பரில் கம்மின்ஸ் நிறுவனம் 167.5 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. அங்கே பிழை மென்பொருளிலேயே இருந்ததால் திருத்தமும் மென்பொருளிலேயே வந்தது. என் வண்டியில் பிழை நாசிலில் இருந்தது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் பணமும் டிரிப்பும் இழப்பவர்களைத் தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நிறையப் பார்க்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் வண்டி நடு ரோட்டில் அடங்குகிறது

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்6 வந்தது. அதற்குப் பிறகு வந்த கனரக டீசல் வண்டிகளில் பொதுவாக இரண்டு முக்கிய அமைப்புகள் இருக்கும். ஒன்று டிபிஎஃப், கரியைப் பிடிக்கும் வடிகட்டி. இன்னொன்று எஸ்சிஆர், கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்களை யூரியா கொண்டு சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும் அமைப்பு. நாம் 'யூரியா' என்றும் 'ஆட்ப்ளூ' என்றும் சொல்லும் டிஇஎஃப் கரைசலில் 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய சுத்தமான தண்ணீர். சைலன்சரில் இருக்கும் நாக்ஸ் சென்சார் அந்த நைட்ரஜன் ஆக்சைடு வாயுவை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். அளவு சரியில்லை என்று பல மணி நேரம் தொடர்ந்து தெரிந்தால் கணினி இன்ஜினின் இழுவையைக் குறைக்கும். பிஎஸ்6 எந்த ஐரோப்பிய விதியின் வழியில் வந்ததோ அந்த யூரோ 6 விதியில், முதல் கட்டத்தில் டார்க், அதாவது இழுவை விசை, கால் பங்கு குறையும். அப்படியும் சரிசெய்யாமல் ஓட்டினால் அடுத்த கட்டத்தில் வேகம் 20 கிலோமீட்டருக்குள் அடங்கும். ஆக, வண்டி திடீரென்று அடங்குவதில்லை. விளக்கு முதலில் எரிந்து, மணிக்கணக்கில் அவகாசம் கொடுத்த பிறகுதான் அடங்குகிறது. "இந்த டிரிப்பை முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்" என்று அந்த அவகாசத்தைச் செலவழிப்பது நாம்தான்.

டீலரிடம் வெறுங்கையோடு போவது

"விளக்கு எரியுது, பிக்கப் இல்லை" என்று மட்டும் சொன்னால் அவர்களுக்கு அப்டேட் போடுவதைத் தவிர வேறு வழி தெரியாமல் போகலாம். விளக்கு எரிந்ததும் டாஷ்போர்டை போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எந்த இடம், ஏற்றமா சமதளமா, எவ்வளவு லோடு, கடைசியாக எங்கே யூரியா ஊற்றினார், இந்த நான்கையும் டிரைவர் அன்றைக்கே ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாக அனுப்பினால் போதும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைப் போட்டதும், எதையும் அழிப்பதற்கு முன்னால், திரையில் வரும் கோளாறு எண்களை எழுதி வாங்குங்கள்.

அந்த எண் ஒன்றும் தேவரகசியம் இல்லை. எஸ்பிஎன் 3364 என்றால் யூரியாவின் தரத்தைப் பற்றிய புகார். எஸ்பிஎன் 4364 என்றால் எஸ்சிஆர் வேலை செய்யும் திறனைப் பற்றியது. எஸ்பிஎன் 3251 என்றால் டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம். தரத்தைப் பற்றிப் புகார் வந்திருக்கும்போது, தொட்டியில் இருப்பதை, கரைசலில் யூரியா எவ்வளவு என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்காமலே அப்டேட் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு நிமிட வேலை அது. கிளீனர் பையன் தெரியாமல் குழாய்த் தண்ணீரைக் கலந்திருந்தாலும், கேன் வெயிலில் மாதக்கணக்கில் கிடந்திருந்தாலும் அங்கேயே பிடிபடும்.

இன்னொரு தடயம் யூரியா செலவு. வண்டிக்கு வண்டி மாறும் என்றாலும் 100 லிட்டர் டீசலுக்கு நாலைந்து லிட்டர் என்பது பலரும் பார்க்கும் கணக்கு. என் வண்டியில் அது பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. நாசில் அடைத்தால் செலவு குறையத்தானே செய்யும். டீசல் பில்லை எழுதி வைக்கும் நோட்டிலேயே யூரியாவையும் எழுதியிருந்தால் தொப்பூருக்கு முன்பே தெரிந்திருக்கும்.

ஜாப் கார்டில் ஒற்றை வரி

ஜாப் கார்டு என்பது செய்த வேலையை சர்வீஸ் சென்டரில் எழுதிக் கொடுக்கும் சீட்டு. என் முதல் இரண்டு ஜாப் கார்டிலும் 'சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது' என்று ஒரே வரிதான் இருந்தது. எந்தக் கணினிக்கு, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புக்கு, எதைச் சரிசெய்ய? ஒன்றும் இல்லை. இன்ஜினின் கணினியான ஈசியூவில் உள்ள ஒவ்வொரு மென்பொருளுக்கும் கேலிப்ரேஷன் எண் என்று ஒன்று உண்டு. அப்டேட்டுக்கு முன்னால் இருந்த எண், பின்னால் வந்த எண் இரண்டையும் ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டும் ஒன்றேயானால் புதிதாக எதுவும் ஏறவில்லை, பழைய பதிவுகளை அழித்ததோடு சரி. அதற்குப் போய் ஏன் பணம் கட்ட வேண்டும்?

உங்கள் சேசிஸ் எண்ணுக்குக் கம்பெனி ஏதாவது திருத்தம் அறிவித்திருக்கிறதா என்று சிஸ்டத்தில் பார்த்துச் சொல்லவும் கேளுங்கள். ஒரே மாடல், ஒரே வருடம் என்றாலும் ஒரு வண்டிக்கு இருக்கும், பக்கத்து வீட்டு வண்டிக்கு இருக்காது. கம்பெனி அறிவித்த திருத்தமாகவோ வாரன்டிக்குள் வரும் வேலையாகவோ இருந்தால் அதற்குக் காசு கேட்கக்கூடாது.

அப்டேட் ஏறும் நேரத்தில் பேட்டரி மீது ஒரு கண் வையுங்கள். 24 வோல்ட் வண்டியில் பேட்டரி பழசாக இருந்து, ஏறும் நடுவில் வோல்டேஜ் விழுந்தால் ஈசியூவே எழுந்திருக்காமல் போகலாம். சார்ஜரோ பவர் சப்ளையோ மாட்டியபிறகு தொடங்கச் சொல்லுங்கள். பாடி கட்டும் இடத்திலும் பிற்பாடும் போட்ட கூடுதல் லைட், ஏர் ஹாரன் எல்லாம் எங்கிருந்து கரன்ட் எடுக்கின்றன என்றும் அன்றைக்கே பார்த்துவிடலாம். சென்சார் வயரிலிருந்தே இணைப்பு எடுத்து வைத்திருக்கும் வண்டிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

"யூரியாவே வேணாம்ணா, கட் பண்ணிடலாம்"

ரோட்டோரப் பட்டறைகளில் இப்படிச் சொல்லி ஒரு சின்னப் பெட்டியை மாட்டுகிறார்கள், இல்லையென்றால் ஈசியூவை மாற்றி எழுதுகிறார்கள். சென்சார் எல்லாம் சரி என்று கணினியை நம்பவைக்கும் வேலை. தயவு செய்து இதில் இறங்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவில், அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. வாரன்டியும் போகும். பிறகு நிஜமாகவே தேவையான அப்டேட் வந்தால் டீலர் கை வைக்க மறுப்பார், அல்லது போட்டதும் வண்டி வேறு விதமாகப் படுக்கும்.

"புகைச் சான்றிதழில் பாஸ் ஆகுதே" என்பார்கள். டீசல் வண்டிக்கு அந்தச் சோதனையில் பார்ப்பது புகையின் அடர்த்தியை மட்டும்தான். நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. அளக்கவில்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. தேசிய நெடுஞ்சாலை 44 நம் ஊர்களை ஒட்டித்தான் போகிறது. சூளகிரியிலும் காவேரிப்பட்டணத்திலும் ரோட்டோரம் டீக்கடை வைத்திருப்பவர்களும், சாலையை ஒட்டிய பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகளும் நாள் முழுக்க அந்தக் காற்றைத்தான் இழுக்கிறார்கள். நான் யூரியாவுக்குச் செலவழிக்கும் பணம் அவர்கள் மூச்சுக்காக என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

இத்துடன் ஒரு வீடியோவும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, யூரியா கோளாறுக்கு இனி வண்டி அடங்காது, சட்டம் மாறிவிட்டது என்று. அது அமெரிக்கச் செய்தி. 2025 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, யூரியா அமைப்பில் கோளாறு வந்தால் வண்டி திடீரென்று சக்தி இழக்காதபடி மென்பொருளைத் திருத்துமாறு தயாரிப்பாளர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. நம் வண்டிகள் இங்கே பிஎஸ்6 விதியின்படி சான்று பெற்றவை. அந்த வீடியோவைக் காட்டி டீலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

அப்டேட் முடிந்த அன்றே லோடு ஏற்றுவது

அப்டேட்டோ, நாக்ஸ் சென்சாரோ டிபிஎஃப்போ மாற்றிய வேலையோ, முடிந்ததும் கணினியில் பழைய கணக்கைச் சுழியமாக்கி, புதிய பாகத்தை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கும். செய்தார்களா என்று கேளுங்கள். தேவையென்றால் நிறுத்தி வைத்தே டிபிஎஃப்பை எரித்துச் சுத்தம் செய்வார்கள். அப்போது உள்ளே வெப்பம் 550 டிகிரிக்கு மேல் போகும். இதை வழியில் டிரைவரே சுவிட்சைப் போட்டுச் செய்ய நேர்ந்தால் நிறுத்தும் இடத்தைப் பார்க்க வேண்டும். அறுப்புக் காலத்தில் நம் ஊர் ரோடுகளில் கேழ்வரகுத் தாளும் கொள்ளுச் செடியும் காயப் போட்டிருப்பார்கள். அதன் மேல் வண்டியை நிறுத்தி எரித்தால் தாளோடு வண்டியும் போகும். வெறும் மண்ணிலோ கான்கிரீட்டிலோ நிறுத்தச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு சோதனை ஓட்டம். நான் கிருஷ்ணகிரியில் இருந்து ஓசூருக்குப் பாதி லோடோடு அனுப்புகிறேன். சுமார் 50 கிலோமீட்டர், போகப் போக ஏற்றம், இன்ஜினுக்கு நல்ல வேலை. திரும்பி வந்ததும் ஸ்கேனரைப் போட்டு, விளக்கு வருவதற்கு முன் பதிவாகும் 'பெண்டிங்' எண் ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். இருந்தால் அதே ஜாப் கார்டு எண்ணைச் சொல்லி வண்டியை அங்கேயே நிறுத்திவிடுங்கள். 'புது கம்ப்ளைன்ட்' என்று புது ஜாப் கார்டு போட்டால் முதலில் இருந்து பணம் கட்ட வேண்டிவரும்.