அஸ்ஸலாமு அலைனா: நமக்கு நாமே சலாம் சொல்லப் பழகுவது எப்படி?

தாராவியில் எங்கள் வீடு பத்துக்குப் பத்து. கிப்லா (தொழும்போது நோக்கும் திசை) மேற்கே என்பதால் முஸல்லாவை (தொழுகை விரிப்பை) விரிக்க ஒரே இடம்தான்: பீரோவுக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில். தொழுது முடித்து இடப்பக்கம் சலாம் கொடுக்கத் திரும்பினால் பீரோ கண்ணாடியில் என் முகம் தெரியும். பத்தாவது படிக்கும்வரை அந்தப் பக்கம் திரும்பும்போது கண்ணை மூடிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் 'காலி மிர்ச்'. மிளகு. போதாததற்கு என் இந்தியைக் கேட்டு 'மதராஸி' வேறு.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறேன். "அஞ்சு வக்தும் தொழுறேன், ஆனாலும் என்னைய எனக்கே புடிக்கல ராத்தா" என்று ஒருத்தியாவது சொல்லாத மாதம் இல்லை. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் ஆலிமா (மார்க்கம் கற்றுத் தேர்ந்த பெண்) இல்லை. சட்டச் சந்தேகம் வந்தால் உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் ஒரு பயத்தைக் கழற்றி வைத்துவிடுவோம். தன்னைப் பிடிப்பது பெருமையடிப்பது ஆகிவிடாதா? நபி (ஸல்) அவர்கள் பெருமையைப் பற்றி எச்சரித்தபோது ஒருவர் இதே மாதிரி கேட்டார்: நல்ல உடையும் நல்ல செருப்பும் வேண்டும் என்று மனிதன் ஆசைப்படுகிறானே, அதுவுமா? அல்லாஹ் அழகானவன், அழகை விரும்புகிறான். பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மற்றவர்களை இழிவாக நினைப்பதும்தான் என்று பதில் வந்தது. ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி). ஆக, கண்ணாடியில் முகம் பார்ப்பது குற்றமில்லை.

முதல் படி: அந்த ஒரு வாக்கியத்தைப் பிடியுங்கள்

ஒவ்வொருவருக்கும் உள்ளே ஓடுகிற வாக்கியம் ஒன்று இருக்கும். "நான் எதுக்கும் லாயக்கில்ல." "என்னைய யாரு கட்டுவா?" அதை ஒரு நோட்டில், மனதில் எப்படி ஓடுகிறதோ அப்படியே எழுதுங்கள். அழகாக்க வேண்டாம். எழுதியபின் ஒரு கேள்வி மட்டும்: இதை முதலில் சொன்னது யார்? என்னுடையதைச் சொன்னது ஆறாம் வகுப்பில் பின் பெஞ்சில் இருந்த ஒரு பையன். அவன் முகம்கூட இப்போது நினைவில் இல்லை, அவன் வாக்கியம் மட்டும் பதினைந்து வருடம் என்னோடு குடியிருந்தது. வாடகைகூடத் தரவில்லை!

அந்த வாக்கியத்துக்குக் கீழே குர்ஆனில் ஸூரத்துத் தீனின் 4-வது வசனத்தை எழுதுங்கள்: மனிதனை மிக அழகிய அமைப்பில் படைத்தோம். இன்றைக்கு இவ்வளவு போதும்.

இரண்டாம் படி: ஒளுவை மெதுவாக்குங்கள்

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் எந்நேரமும் வராது. பிடித்து வைத்த டிரம்மிலிருந்து மொண்டுதான் எல்லாம். அதனால் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவும் ஒளு என்றாலே அவசரம், சிக்கனம். ஆனால் நபி (ஸல்) ஒரு 'முத்து' (பழைய அரபு அளவு) தண்ணீரில் ஒளு செய்திருக்கிறார்கள். நடுத்தர ஆள் இரண்டு கையையும் சேர்த்து ஏந்தும் அளவு அது. ஒரு லிட்டர் பாட்டிலே நிறையாது. எனவே தண்ணீர் குறைவு என்பது அவசரத்துக்குக் காரணமில்லை. முகத்தில் நீர் விடும்போது எந்த முகத்தைத் திட்டிக்கொண்டிருந்தோமோ அதையேதான் கழுவுகிறோம். நெற்றி முடி தொடங்கும் இடத்திலிருந்து தாடைவரை, காதிலிருந்து காதுவரை. விட்டுப்போகாமல் கவனமாகக் கழுவ வேண்டிய முகம் என்று மார்க்கம் சொல்கிற முகம் இது.

மூன்றாம் படி: அத்தஹிய்யாத்தில் நில்லுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தை நாம் எல்லோரும் ஏழெட்டு வயதிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். மனப்பாடம் ஆனதே வினை. நாக்கு ஓடும், காது கேட்காது. அதன் வரிசையைப் பாருங்கள். முதலில் காணிக்கைகள் எல்லாம் அல்லாஹ்வுக்கு. அடுத்து நபிக்கு சலாம். அதற்கு அடுத்து யாருக்கு? 'அஸ்ஸலாமு அலைனா வ அலா இபாதில்லாஹிஸ் ஸாலிஹீன்.' எங்கள் மீதும், அல்லாஹ்வின் நல்லடியார்கள் மீதும் சாந்தி உண்டாகட்டும். நல்லடியார்களுக்கு முன்னால் 'எங்கள் மீது' வருகிறது.

ஃபர்ளு (கட்டாயத் தொழுகை) மட்டும் கணக்குப் போடுங்கள். அத்தஹிய்யாத் ஓத சுப்ஹில் ஓர் இருப்பு, லுஹர், அஸர், மஃரிப், இஷாவில் இரண்டிரண்டு. ஒரு நாளைக்கு 9 தடவை நமக்கு நாமே சாந்தி சொல்கிறோம். சுன்னத்தை (நபிவழிக் கூடுதல் தொழுகையை) சேர்த்தால் இன்னும் கூடும். முஸல்லாவில் 9 முறை சாந்தி சொல்லிவிட்டு, எழுந்து கண்ணாடி முன் போய்ச் சாபம் விட்டால் எது மெய்?

அதோடு, 'அலைனா' பன்மை. 'என் மீது' இல்லை, 'எங்கள் மீது'. சயான் ஸ்டேஷனில் லேடீஸ் பெட்டியில் முழங்கை இடிபட நிற்கும்போது இது எனக்குப் பிடித்த விஷயம். தனியாக என்னைத் தூக்கி நிறுத்தச் சொல்லவில்லை, கூட்டத்தோடு சேர்த்து நிறுத்துகிறது.

செய்ய வேண்டியது: ஒரு வாரத்துக்கு ஏதாவது ஒரு வக்தைத் தேர்ந்தெடுங்கள். நான் இஷாவை எடுத்தேன், அதற்குப்பின் வேலை இல்லை. 'அலைனா'வில் ஒரு மூச்சு நிறுத்தி, பொருளை நினைத்து, பிறகு தொடருங்கள். மற்ற நான்கு வக்தில் மறந்தால் பரவாயில்லை.

நான்காம் படி: இரண்டு ஸஜ்தாவுக்கு நடுவில்

ஸஜ்தா என்றால் நெற்றியைத் தரையில் வைப்பது; இரண்டுக்கும் நடுவில் உட்காரும் இந்த இருப்பில் ஓதும் துஆவில் (வேண்டுதலில்) 'வஜ்புர்னீ' என்று ஒரு சொல் உண்டு. அதன் வேர் 'ஜப்ர்', முறிந்த எலும்பைக் கட்டிச் சேர்ப்பதற்கும் அரபியில் அதே சொல்தான். என்னைப் பொருத்திச் சேர்ப்பாயாக என்று கேட்கிறோம். தொழுகைச் சட்டத்தில் ஷாஃபி வழியில் போகிறவர்கள் இதை ஃபர்ளிலும் ஓதுவார்கள். ஹனஃபி வழியினர் பெரும்பாலும் நஃபிலில் (உபரித் தொழுகையில்). இருவருக்கும் மாற்றமில்லாத வழி: சலாம் கொடுத்தபின் கையேந்தி நல்ல தமிழில், அதாவது வீட்டுத் தமிழில், கேளுங்கள். "யா அல்லாஹ், ஆபீஸ்ல என்னைய எல்லார் முன்னாலயும் கத்துனாங்க, உள்ள ஏதோ உடஞ்சு போச்சு, சேர்த்து வையி." இப்படித்தான் நான் கேட்பேன்.

ஐந்தாம் படி: பட்டப்பெயரைத் திருப்பிக் கொடுப்பது

ஸூரத்துல் ஹுஜுராத் 11-வது வசனம் கேலி செய்வதையும் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதையும் தடுக்கிறது. அந்த வசனத்தில் 'உங்களையே குறைகூறிக்கொள்ளாதீர்கள்' என்ற சொல்லமைப்பு வருகிறது. ஒருவரையொருவர் குத்திப் பேசாதீர்கள் என்பது பொருள் என்று விரிவுரையாளர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது.

உடம்பைப் பற்றிக் குறை இருப்பவர்களுக்கு நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) கதை. மெலிந்த மனிதர். மிஸ்வாக் குச்சிக்காக அராக் மரத்தில் நின்றபோது காற்றில் கெண்டைக்கால் தெரிந்தது, குச்சிபோல இருந்ததைப் பார்த்து கூட இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஏன் சிரிக்கிறீர்கள் என்று நபி (ஸல்) கேட்டார்கள். மறுமையில் நன்மை தீமையை நிறுக்கும் மீஸான் தராசில் அந்தக் கால்கள் உஹது மலையைவிடக் கனமானவை என்றார்கள். கால் தடித்துவிடும் என்று ஆறுதல் சொல்லவில்லை பாருங்கள். கால் மெலிந்ததாகவே இருந்தது, தராசுதான் மாறியது.

நோட்டில் உங்கள் பட்டப்பெயரை எழுதி, எதிரே உங்களால் யாருக்காவது நடந்த ஒரு நல்ல காரியத்தை எழுதுங்கள். சாச்சிக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றது போதும். பெரிதாக வேண்டாம்.

தொழுகை இல்லாத நாட்கள்

மாதவிடாய் நாட்களில்தான் பலருக்கு அந்தப் பழைய வாக்கியம் சத்தமாகக் கேட்கும், தொழுகையும் இல்லாததால் பிடிமானம் போன மாதிரி இருக்கும். தொழுகை வேண்டாம் என்றுதான் சட்டம், அல்லாஹ்வை நினைக்காதே என்றில்லை. வக்து வந்ததும் அதே இடத்தில் உட்கார்ந்து தஸ்பீஹ் சொல்லுங்கள், துஆ கேளுங்கள். தூங்கும் முன் ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. வேலையால் கை காய்த்துப்போய்ப் பணியாள் கேட்டு வந்த தம் மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) சொல்லிக்கொடுத்தது இது.

வாரக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றுகிறது என்றால் அது ஈமான் (இறைநம்பிக்கை) குறைவு இல்லை. "இன்னும் நல்லா தொழு" என்று யார் சொன்னாலும் அதோடு நிறுத்தாதீர்கள். மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பதும் நபிமொழிதான். டெலி மானஸ் 14416, அரசு எண், காசில்லை, தமிழிலும் பேசலாம்.

கடைசியாக, விட்டுப்போகும் நாட்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து சுப்ஹைத் தவறவிட்டு, எட்டு மணிக்கு எழுந்ததும் "நான் முனாஃபிக்" (நயவஞ்சகி) என்று நோட்டில் எழுதியவள் ஒருத்தி. தூங்கிவிட்டவர் நினைவு வந்ததும் தொழட்டும், அதற்கு அதுவே பரிகாரம் என்பது ஹதீஸ். தவறியதை இப்படிப் பின்னால் தொழுவதைத்தான் களா என்போம். திட்டிக்கொள்வது அதில் இல்லை. என் உம்மா இதைச் சுருக்கமாகச் சொல்வாள். நான் முகத்தைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தால், அடுப்பிலிருந்து திரும்பாமலே, "எந்திரிச்சிட்டல்ல? போயி களா தொழுதுட்டு வா, சாயா ஆறுது."