பழக்கூழில் ஜெலட்டின் கம்மி மிட்டாய் செய்யும் முறை

கடைகளில் கிடைக்கும், மென்று தின்னும் மென்மையான கம்மி (gummy) மிட்டாய்களில் பெரும்பங்கு சர்க்கரையும் குளுக்கோஸ் பாகுமே. பழம் பல நேரங்களில் பெயரளவிலேயே இருக்கும். வீட்டில் செய்யும்போது இந்த நிலையை அப்படியே தலைகீழாக்கிவிடலாம். அதற்கு வடிகட்டிய சாற்றைவிட முழுப் பழத்தை அரைத்த கூழையே நான் பரிந்துரைப்பேன். சாற்றில் நீங்கிவிடும் நார்ச்சத்து கூழில் தங்கிவிடுகிறது. மணமும் நிறமும் அடர்த்தியாக இருக்கும்.

ஸ்ட்ராபெரி, திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களை அரைத்து 250 மில்லி கூழ் எடுத்துக்கொள்ளுங்கள். தனியே 100 மில்லி குளிர்ந்த தண்ணீரையோ ஆரஞ்சுச் சாற்றையோ அகலமான கிண்ணத்தில் ஊற்றி, கலவையை உறையவைக்கும் ஜெலட்டின் தூள் 35 கிராமை அதன் பரப்பு முழுவதும் பரவலாகத் தூவி, பத்து நிமிடம் ஊறவிடுங்கள். தூளை ஒரே இடத்தில் கொட்டினாலோ சூடான நீரில் நேரடியாகப் போட்டாலோ, வெளிப்புறம் உடனே பசையாகி உட்புறம் உலர்ந்தே இருக்கும். அப்படி விழுந்த கட்டிகளைப் பிறகு கரைப்பது மிகக் கடினம். ஜெலட்டினைக் கரண்டியால் அளக்காமல் எடைபோட்டு எடுப்பது நல்லது.

பழக்கூழை மிதமான தீயில் கொதிக்கவைத்து இறக்கி, ஆவி சற்றுத் தணிந்த பின், ஊறிய ஜெலட்டினைச் சேர்த்து முழுவதும் கரையும்வரை மெதுவாகக் கிளறுங்கள். ஜெலட்டின் சேர்த்த பிறகு கலவையை மீண்டும் கொதிக்கவிடக் கூடாது. நெடுநேரம் கொதித்தால் அதன் உறையும் திறன் குறைந்துவிடும். இனிப்பு போதாது என்று தோன்றினால் இந்த நிலையில் ஒரு மேசைக்கரண்டி தேன் சேர்க்கலாம். எலுமிச்சைச் சாறு ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், மிகுந்த புளிப்பும் உறைவைத் தளர்த்தும்.

கலவை உறையவே இல்லை என்று பலர் வருந்துவதற்குப் பெரும்பாலும் காரணம் பழத்தின் தேர்வுதான். வேகவைக்காத அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் உள்ளன; அன்னாசியில் இருப்பது புரோமலின், பப்பாளியில் இருப்பது பப்பைன். ஜெலட்டினும் ஒரு புரதமே என்பதால், அதை எவ்வளவு கூட்டினாலும் இந்த நொதிகள் வெட்டிக் கரைத்துவிடும். கூழை நன்றாகக் கொதிக்கவைத்தால் நொதிகள் செயலிழக்கும்; ஆகவே இப்பழங்களைப் பயன்படுத்தும்போது ஓரங்களில் குமிழ் வந்தவுடன் இறக்கிவிடாமல், கிளறிக்கொண்டே சில நிமிடங்கள் முழுமையாகக் கொதிக்கவிடுங்கள். டின்னில் அடைத்த அன்னாசி முன்பே சூடாக்கப்பட்டது என்பதால் அதில் இந்தச் சிக்கல் இல்லை.

நுரையை நீக்கி, சிலிகான் அச்சுகளிலோ எண்ணெய் லேசாகத் தடவிய தட்டிலோ ஊற்றி, குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மணி நேரம் வையுங்கள். விரைவுக்காக உறைவிப்பானில் வைத்தால், உருகும்போது நீர் கசிந்து மிட்டாயின் பதம் கெட்டுவிடும். கடை மிட்டாயில் உள்ள அளவுக்குச் சர்க்கரை இதில் இல்லாததாலும் ஈரம் மிகுதியாக இருப்பதாலும், மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியிலேயே வைத்து ஐந்து நாட்களுக்குள் உண்டுவிட வேண்டும். வெப்பமான அறையில் இது இளகி உருகத் தொடங்கும்.

ஜெலட்டின் விலங்குகளின் தோல், எலும்பு முதலியவற்றிலிருந்து எடுக்கப்படுவது. சைவ உணவினர் கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகர் அகரைப் பயன்படுத்தலாம். அதைக் கூழோடு சேர்த்துக் கொதிக்கவைத்தே கரைக்க வேண்டும். அது புரதமன்று என்பதால் பப்பைனோ புரோமலினோ அதைச் சிதைப்பதில்லை. ஆனால் இழுபடும் மென்மை அதில் வராது, கடித்தால் உடையும்.

ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் எந்த வடிவிலும் தரக் கூடாது. நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் தொண்டையில் கம்மி மிட்டாய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அவர்களுக்கு அதே பழக்கூழை ஜெலட்டின் சேர்க்காமல் கிண்ணத்தில் கொடுத்துவிடுங்கள்.